ஜோடியாத்தான் மாத்தணும்!

அப்பா விட்டுப்போனதில் பங்கு பிரிக்க முடியாத ஒரே பொருள், ஜீப். நிலத்தை அளக்கலாம். நகையை நிறுக்கலாம். ஜீப்பை என்ன செய்வது? முன்சக்கரம் ரெண்டும் தம்பிக்கு, பின்சக்கரம் ரெண்டும் அண்ணனுக்கு என்றா பத்திரம் எழுத முடியும்?

மஹிந்திரா எம்.எம். 540. பியூஜோ டீசல் இன்ஜின். ஏதோ ஓர் அரசாங்க ஆபீஸில் உழைத்து ஓய்ந்து, 1997-ல் ஏலத்துக்கு வந்ததை அப்பா எடுத்தார். நான் அப்போது ப்ளஸ் ஒன். அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரம். நிலக்கடலை என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், எங்கள் பக்கம் அது மல்லாட்டைதான். திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்களின் பெயர் 'டி.எம்.வி.' என்று ஆரம்பிக்கும். டி.எம்.வி. என்றால் வேறொன்றுமில்லை, திண்டிவனம்! ஊர்ப் பெயர் விதைக்கே போய்விட்ட பெருமையில் வளர்ந்த பையன்கள் நானும் அண்ணனும்.

மழை விட்ட மறுநாள் கொல்லைக்குப் போய்க் காய் பார்க்க வேண்டும் என்றால், செம்மண் சேற்றில் எந்த வண்டியும் போகாது. ஜீப் போகும். ஆனால், சும்மா போகாது. அதற்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்வார். தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். முன்சக்கரத்தின் நடுவில், பம்பரம் கவிழ்த்தது மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அதில் ஒரு திருகு. குனிந்து, அதை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்புவார். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் அதே மாதிரி. ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி லீவரைத் தள்ளுவார். அதன் பிறகு அந்த ஜீப்பை யானை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் குமிழுக்குப் பெயர் லாக்கிங் ஹப். மெக்கானிக்குகள் பாஷையில் 'ஹப் லாக்'. ஃபோர் வீல் ஜீப்பில் இன்ஜினுடைய இழுவை முன்சக்கரத்துக்கும் போக முடியும். ஆனால், தார் ரோட்டில் அது தேவையில்லை. தேவையில்லாதபோது சக்கரம் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றட்டும், உள்ளே இருக்கிற ஆக்ஸில், பல்சக்கரம், நீளமான ஷாஃப்ட் எல்லாம் சும்மா இருக்கட்டும் என்று பிரித்துவைக்கிற ஏற்பாடுதான் 'ஃப்ரீ'. சத்தம் குறையும், தேய்மானம் குறையும், டீசலும் கொஞ்சம் மிஞ்சும். 'லாக்' போட்டால் சக்கரமும் ஆக்ஸிலும் கைகோத்துக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்பில் இந்த வசதி கிடையாது. போர்முனையில் டீசலையும் பெட்ரோலையும் யார் கணக்குப் பார்த்தார்கள்? போர் முடிந்து, அந்த ஜீப்புகள் சம்சாரிகள் கைக்கு வந்து ரோட்டில் ஓட ஆரம்பித்த பிறகுதான் கணக்கு வந்தது. 1948-ல் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஆர்தர் வார்ன் என்பவர் இந்த ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். அதற்கு முந்தைய வருஷம், 1947-ல்தான் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி இறக்க ஆரம்பித்திருந்தது. அந்த ஜீப்பின் வாரிசும் அந்த ஹப்பின் வாரிசும் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரி வீட்டு வாசலில் ஒன்றாக நின்றன.

அப்பாவிடம் ஒரு பழக்கம். மழை உண்டோ இல்லையோ, மாசம் பிறந்தால் முதல் தேதி ரெண்டு ஹப்பையும் லாக் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண் பாதையில் ஒரு சுற்று போய்விட்டு வருவார். மண்டிக் கணக்கு நோட்டின் ஓரத்தில் 'லாக் பார்த்தது' என்று எழுதிவைப்பார். 'சித்திரையில எதுக்குப்பா இது?' என்று ஒரு தடவை கேட்டேன். 'ஐப்பசியில கேட்டா அது பதில் சொல்லணுமில்ல' என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் பி.காம். படித்தவன்.

*

அப்பா 2019-ல் போய்ச் சேர்ந்தார். அம்மா, மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கிராமத்து வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 'முருகன் மலை தெரியாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது.' அண்ணன் விழுப்புரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், ஜீப் அவரிடம் போனது. நான் சென்னையில் பத்திரிகை உத்தியோகம்.

2021-ல் ஜீப்பைப் பெரிய சர்வீஸுக்கு விட்டோம். செலவில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அப்பா காலத்திலிருந்து பார்க்கிற மெக்கானிக் பாய், விழுப்புரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் சொன்னார்... 'தம்பி, இடது ஹப்பு உடைஞ்சிருக்கு. வலது ஹப்பு வெளிய நல்லா இருக்கு, உள்ள பல்லு தேஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்திடலாம். இது ஜோடியாத்தான் மாத்தணும்.'

ஒரு ஹப் 2,200 ரூபாய். நான் பி.காம். மூளையைத் திறந்தேன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. நேர்க்கோட்டு முறையில் போட்டால் சொத்தின் மதிப்பு ஒருநாள் பூஜ்யமாகும். குறைந்துசெல் முறையில் போட்டால் குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது. எந்த முறையில் போட்டாலும் இந்த ஜீப்புக்கு இதற்கு மேல் பணம் போடக் கூடாது என்று எனக்கு விடை வந்தது. வலது பக்கத் திருகை நானே திருப்பிப் பார்த்தேன். ஜம்மென்று திரும்பியது.

'நல்லாத்தானே இருக்கு பாய். ஃபோர் வீல் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. எதுக்கு தண்டச் செலவு? இடது மட்டும் மாத்துங்க' என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். 'அப்பா இருந்தா ரெண்டும் மாத்தியிருப்பாரு' என்று மட்டும் சொன்னார். 'அப்பா கணக்கு வேற, என் கணக்கு வேற' என்று பதில் சொன்னேன். 2,200 ரூபாய் மிச்சம். அதில் என் பங்கு 1,100.

அடுத்த வருஷம் நிலம் பிரிக்கிற பேச்சு வந்தது. கிணறு யார் பக்கம் வருகிறது என்பதில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பதில் வந்து நின்றது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், விவரிக்க வேண்டாம். கடைசியில் நானும் அண்ணனும் பேசுவதை நிறுத்தினோம். அம்மாவைப் பார்க்க அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போக மாட்டேன். நான் போகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வர மாட்டார். அம்மாதான் பாவம், ரெண்டு தடவை வடை சுட்டார்.

*

2024, நவம்பர் 30. சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்று எழுதுகிறேனே தவிர, அது கடக்கவில்லை. வந்த இடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மூன்று மாச மழையை ஒரே ராத்திரியில் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அம்மா போன் போகவில்லை. பக்கத்து வீட்டுப் போன் போகவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு என் போன் அடித்தது. திரையில் 'அண்ணா'. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு.

'அம்மா போன் போகலடா.'

'எனக்கும் போகலண்ணா.'

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு, 'நீ கூட்டேரிப்பட்டு வந்துடு. நான் ஜீப்ப எடுத்துட்டு வரேன்' என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் என் காரை ஓட்டிக்கொண்டு, தண்ணீரில் ஊர்ந்து, நான் கூட்டேரிப்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அண்ணன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். தலையில் பாலிதீன் பை. 'டீ குடிச்சியா?' என்றார். இல்லை என்றேன். எந்தக் கடையும் இல்லை.

மயிலம் ரோட்டில் போய், எங்கள் ஊர் மண் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். 'லாக் போடு.' அப்பா குரல் மாதிரியே இருந்தது. நான் இறங்கி இடது பக்கம் திருப்பினேன். சுற்றி வந்து வலது பக்கம் திருப்பினேன். ரெண்டும் திரும்பின. ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் குட்டி லீவரைத் தள்ளினார்.

ஒரு கிலோமீட்டர் போனோம். ஏரிக்கரை ஓரமாகப் பாதை சரிகிற இடத்தில் சேறு முழங்காலுக்கு மேல். அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. முன்னால் வலது பக்கத்திலிருந்து 'கடக்... கடக்... கடக்...' என்று ஒரு சத்தம். எலி பல்லைக் கடிக்கிற மாதிரி. முன்சக்கரம் ரெண்டும் அசையவில்லை.

எனக்கு அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, 'எறங்கு, நடந்துடலாம்' என்றார்.

மீதி ரெண்டு கிலோமீட்டர் தூரத்தை, இடுப்பளவு தண்ணீரில், ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எதிர்வீட்டு மாடியில் இருந்தார். ராத்திரியே அந்த வீட்டுப் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களைப் பார்த்ததும், 'வந்துட்டீங்களா' என்று கேட்கவில்லை. 'சேர்ந்தா வந்தீங்க?' என்றுதான் கேட்டார்.

பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. முதல் நாள் மதியத்திலிருந்து மாத்திரை இல்லை. முகம் உப்பி, தலை சுற்றுகிறது என்றார். எழுபத்து மூணு வயசு. அந்தத் தண்ணீரில் நடக்க வைக்க முடியாது. ஜீப் வந்து சேர்ந்திருந்தால் அரை மணி நேரத்தில் மயிலம், அங்கிருந்து திண்டிவனம் ஆஸ்பத்திரி. ஜீப் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தது. 1,100 ரூபாய் என்று யாரோ என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் டிராக்டரோடு வந்தார். டிரெய்லரில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்து, குடை பிடித்துக்கொண்டு போனோம். வழியில் ஜீப்பையும் கட்டி இழுத்துக் கரையேற்றினார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. 'உங்கப்பா இந்த ஜீப்புல எத்தனை பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு' என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். அந்த ரெண்டு நாளும் மாவட்டமே மூழ்கியது. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பொங்கி, அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையே ஆறானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட, ரயில்கள் நின்றன. எத்தனையோ வீடுகளில் எங்களைவிடப் பெரிய இழப்பு. எங்களுக்கு நடந்ததைப் போய்க் கஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.

*

2025 பொங்கல் முடிந்து, நானும் அண்ணனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனோம். பாய் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். வலது ஹப்பின் ஆறு போல்ட்டைக் கழற்றி, மூடியை எடுத்து, ஆக்ஸில் நுனியில் இருக்கிற வளையக் கிளிப்பைப் பிரித்து, ஹப்பை உருவி என் கையில் வைத்தார். உள்ளே வழுக்கிப்போய் நகர வேண்டிய வளையத்தின் பல்லெல்லாம் மழுங்கி, கிழவன் பல் மாதிரி இருந்தது. கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண்.

'அது சரி பாய், இடது பக்கம் புதுசுதானே? அது ஏன் இழுக்கல?' என்று கேட்டேன். இந்தக் கேள்வி ஒன்றரை மாசமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். 'தம்பி, நடுவுல டிஃபரென்ஷியல் இருக்கு. ரெண்டு பக்கமும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கறது அதுதான். எந்தப் பக்கம் லேசா சுத்துதோ, அந்தப் பக்கம் எல்லாத்தையும் விட்டுடும். வலது ஹப்பு பிடிக்கல. அந்தப் பக்கத்து ஆக்ஸில் வெறுமனே சுத்துச்சு. இன்ஜின் குடுத்த எல்லாம் அதுல போயிடுச்சு. இடது பக்கம் எவ்வளவு நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு பக்கம் விட்டுடுச்சின்னா ரெண்டு பக்கமும் போச்சு.'

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் இருந்த ஹப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஹப்பைப் பற்றி மட்டும்தான் பேசினார். சத்தியமாக.

மாற்றுவதற்கு மூன்று வழி சொன்னார். ஒன்று, ஹப்பே வேண்டாம், மொத்தமாக ஃபிளேன்ஜ் போட்டு மூடிவிடலாம். எப்போதும் லாக்தான். செலவு கம்மி, மறந்துபோகிற பேச்சே இல்லை. ஆனால் தார் ரோட்டிலும் முன்பக்கத்துச் சாமான் எல்லாம் சேர்ந்து சுற்றும், தேயும், சத்தம் போடும். ரெண்டு, தானியங்கி ஹப். வண்டியிலிருந்து இறங்கவே வேண்டாம், இழுவை வந்தால் தானே பிடித்துக்கொள்ளும். 'ஆனா சேத்துல மாட்டிக்கிட்டு முன்ன பின்ன எடுத்தீங்கன்னா, திசை மாறும்போது விட்டு விட்டுப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்ல.' மூன்று, பழையபடி கையால் திருப்புகிற ஹப்பே. ஆனால் உள்ளே உறுதியான இரும்பில் பல் வெட்டிய, நல்ல தரமானது.

'மூணாவது' என்றோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் வாங்கி வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுத்தேன். ஆக்ஸில் நுனியில் பத்துப் பல், மூடிக்கு ஆறு போல்ட். பல் எண்ணிக்கை மாறினால் உள்ளேயே நுழையாது என்று பாய் போனிலேயே எச்சரித்திருந்தார். ஒரு ஜோடி 14,000 ரூபாய். பில்லை அண்ணன் கேட்டார், நான் கொடுக்கவில்லை. அது ஆளுக்குப் பாதி போடுகிற கணக்கில்லை.

பாய் வீல் பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கினார். டிஃபரென்ஷியல் ஆயிலைத் திறந்தால் பால் டீ நிறத்தில் வந்தது. புயல் தண்ணீர். அதையும் மாற்றினார். ஹப்பை மாட்டும்போது நான் உதவியாக கிரீஸை அள்ளி அப்பப் போனேன், கையைத் தட்டிவிட்டார். 'மெலிசா பூசினா போதும். நெறைச்சு வெச்சீங்கன்னா வளையம் நகராது, நாளைக்கு லாக் விழாது.' கிளிப் போட்டு, பேப்பர் பேக்கிங் வைத்து, மூடியைப் போட்டு ஆறு போல்ட்டையும் எதிரெதிராக இறுக்கினார். பேக்கிங் இல்லாமல் மூடினால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடுமாம்.

சோதனை எளிது. நீங்களும் செய்து பார்க்கலாம். சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, 'ஃப்ரீ'யில் கையால் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். 'லாக்'கில் சுற்றினால் உள்ளே ஆக்ஸிலும் கூடச் சேர்ந்து சுற்ற வேண்டும். ரெண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், ரெண்டு பக்கமும்.

பாய் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். லாக் போட்டு, லீவரையும் ஃபோர் வீலில் வைத்துத் தார் ரோட்டில் ஓட்டவே கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடுகிற தூரம் வேற வேற. சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தார் ரோட்டில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஆனால், மழைக்காலம் முழுக்க ஹப்பை லாக்கிலேயே விட்டுவிட்டு, லீவரை மட்டும் டூ வீலில் வைத்துக்கொள்ளலாம். தப்பில்லை. 'அவசரத்துல சேத்துல எறங்கித் திருப்பணும்னு இருக்காது பாருங்க.'

கிளம்பும்போது அண்ணனிடம், 'அன்னிக்கி ஏன்ணா என்னை ஒண்ணும் கேக்கல?' என்றேன்.

'எதை?'

'வலது ஹப்ப.'

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்... 'நீ மாத்த வேணாம்னு சொன்னது 2021-ல. அதுக்கப்புறம் மூணு வருஷம் வண்டி என்கிட்டதானடா இருந்துச்சு. நான் மாத்தியிருக்கலாமில்ல? நீ பாதி குடுக்கலேன்னு விட்டுட்டேன்.'

விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ரெண்டு பேரும் பேசவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நிலப் பங்கு இன்னும் முடியவில்லை. கிணறு இன்னும் நடுவில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் குரல் உயர்கிறது. ஆனால், அம்மா ஒரு தடவைதான் வடை சுடுகிறார்.

ஒவ்வொரு மாசமும் முதல் தேதி காலையில் எனக்கு ஒரு போன் வருகிறது. சம்பளம் வந்ததா, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் கேட்கிற ஆள் இல்லை எங்கள் அண்ணன். ஒரே வரிதான்.

'லாக் பார்த்துட்டேன்டா.'

'ரெண்டு பக்கமும்தானே?' என்று கேட்கிறேன்.

'ரெண்டு பக்கமும்தான்' என்கிறார்.